ஸ்டியரிங் பாரமா, ஒட்டுகிறதா? ரேக்கை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ கிடைத்த சின்ன இடத்தில் காரை நுழைத்து நிறுத்தும்போதுதான், ஸ்டியரிங் முன்பைவிடப் பாரமாகிவிட்டது பலருக்குத் தெரிய வருகிறது. பட்டறைக்குப் போனால், "ரேக் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்ற பதில் வருவதுண்டு. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன்சக்கரங்களைத் தள்ளித் திருப்பும் நீண்ட பாகம்தான் ரேக். மாற்றுவதற்குச் செலவு அதிகம். ஆனால், காற்றுக் குறைந்த டயரும் தளர்ந்த பெல்ட்டிங்கும்கூட இதே பாரத்தைத் தரும். சோதித்த பிறகே பாகத்தை மாற்றுவது பணத்தையும் உயிரையும் காக்கும்.

பாரம் வேறு, ஒட்டுதல் வேறு

மெதுவாகத் திருப்பும்போது கை வலிக்கிறது, ஆனால் திருப்பம் முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேராகிறது என்றால், அது பாரம். திருப்பிய இடத்திலேயே நின்றுவிடுகிறது, நேர்ச்சாலையிலும் இழுத்து இழுத்துச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது என்றால், அது ஒட்டுதல். கூட்டரசு நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது ஒட்டும் ஸ்டியரிங்தான் அதிக ஆபத்தானது. அதைத் தள்ளிப்போடக் கூடாது.

பாரமாக இருந்தால்

முதலில் டயர் காற்று. ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில் சரியான அளவு இருக்கும். பல சிறிய கார்களுக்கு அது 200 முதல் 240 கிலோ பாஸ்கல் வரை. டயர் சூடேறும் முன் அளப்பதே சரி.

அடுத்து, கார் எந்த வகை என்று அறிய வேண்டும். வீரா, வாஜா போன்ற பழைய புரோட்டோன் கார்களில் எண்ணெயால் இயங்கும் பவர் ஸ்டியரிங் உண்டு. என்ஜின் அருகிலுள்ள எண்ணெய்க் கிண்ணத்தில் அளவு இரு கோடுகளுக்கு இடையே இருக்க வேண்டும். குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. ஊற்றினால் மட்டும் போதாது, ஒழுகும் இடத்தை அடைக்க வேண்டும். கையேடு சொல்லும் எண்ணெயையே ஊற்ற வேண்டும். பிரேக் எண்ணெயை ஊற்றினால் ரப்பர் சீல்கள் கெட்டுவிடும். திருப்பும்போது 'கீச்' என்று கத்தினால் பெல்ட்டிங்கைப் பார்க்கலாம். 'ஊ' என்ற முனகல் கேட்டால் எண்ணெய் குறைவு அல்லது காற்றுப் புகுதல் காரணமாகலாம்.

பெரோடுவா மைவி போன்ற கார்களில் எண்ணெய் கிடையாது, மின்மோட்டார்தான் உதவுகிறது. மீட்டரில் ஸ்டியரிங் விளக்கு எரிந்தால் முதலில் பேட்டரி, ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். மின்னழுத்தம் குறைந்தாலே மோட்டார் உதவியை நிறுத்திவிடும். அதன்பின் ஸ்கேனர் வைத்துக் கோளாறுக் குறியீட்டைப் படித்துவிட்டே பாகம் மாற்றச் சொல்ல வேண்டும்.

ஒட்டினால்

இதற்குப் பட்டறையில் எளிய சோதனை உண்டு. சமதரையில் காரின் முன்பக்கத்தைத் தூக்கி, ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, பூட்டு விடுபடச் சாவியைத் திருப்பிவிட்டு, ஸ்டியரிங்கைக் கையால் சுற்றிப் பார்ப்பார்கள். இலகுவாகச் சுற்றினால் டயர், அலைன்மென்ட் பக்கம் சந்தேகம் போகும். அப்போதும் பிடித்தால் கோளாறு இணைப்புகளிலோ ரேக்கிலோ இருக்கிறது.

ஒரு சுற்றில் இரண்டு இடங்களில் மட்டும் பிடித்தால், ஸ்டியரிங் தண்டின் இணைப்பு துருப்பிடித்திருக்கலாம். துரு நீக்கும் எண்ணெய் தெளித்தால் சில நாள் இலகுவாகும், மாற்றுவதே தீர்வு. திருப்பும்போது முன்பக்கத்தில் 'டொங்' என்று ஸ்பிரிங் சத்தம் கேட்டால் அப்சோர்பர் மவுண்டிங் பேரிங்கைப் பார்க்க வேண்டும். மசகு வற்றிய பால் ஜாயிண்டும் இப்படிப் பிடிக்கும்.

இன்னொரு காரணம் மனிதர் செய்வது. 'டக் டக்' என்ற சத்தத்தை நிறுத்த ரேக்கின் நட்டை அளவுக்கு மீறி முறுக்கிவிட்டால், சத்தம் போகும், ஸ்டியரிங் ஒட்டத் தொடங்கும். அண்மையில் அப்படி ஏதும் செய்யப்பட்டதா என்று கேட்பது நல்லது.

தோட்டச் சாலையும் வெள்ளமும்

தோட்டப்புறச் செம்மண் சாலைகளில் ஓடும் கார்களில் ரேக்கின் இரு முனைகளிலுமுள்ள ரப்பர் உறைகள் கிழிவதுண்டு. கிழிசல் வழியே சேறும் நீரும் புகுந்து ரேக் துருப்பிடிக்கும். உறையை உடனே மாற்றினால் செலவு குறைவு. விட்டுவிட்டால் ரேக்கே போய்விடும்.

2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவிலும் கிள்ளானிலும் ஏராளமான கார்கள் வெள்ளத்தில் மூழ்கின. பழைய கார் வாங்குவோர் பெடல்களுக்கு மேலேயுள்ள ஸ்டியரிங் இணைப்பில் துரு இருக்கிறதா, தரைவிரிப்பின் அடியில் சேறு படிந்திருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்ப்பது அவசியம்.

ரேக்கை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால்

ஹாஃப் கட் கடைகளில் பழைய ரேக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். உத்தரவாதம் எத்தனை நாள் என்று ரசீதில் எழுதி வாங்க வேண்டும். கழற்றிய பாகத்தைக் காட்டச் சொல்வதும் வாடிக்கையாளரின் உரிமை. வேலை முடிந்ததும் அலைன்மென்ட் பார்க்காவிட்டால் புது டயரும் ஒருபக்கம் தேய்ந்துவிடும்.

ஓட்டும்போதே திடீரென இறுகினால்

பதற்றம் வேண்டாம். என்ஜின் நின்று உதவி போனாலும் ஸ்டியரிங் சக்கரங்களோடு இணைந்தேதான் இருக்கிறது. பலம் மட்டுமே அதிகம் தேவை. இரு கைகளாலும் பிடித்து, அவசர விளக்கைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, மோட்டார் சைக்கிள்களைக் கவனித்தபடி இடப்பக்க அவசரத் தடத்திற்குச் செல்ல வேண்டும். கார் முழுமையாக நிற்கும்வரை சாவியை உருவக் கூடாது. உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.