அரிசி மூட்டை மட்டுமா தோற்கடித்தது?

நம் நாட்டில் மாகாண ஆளுநரை ஜனாதிபதி நியமிக்கிறார். நைஜீரியாவில் அப்படியல்ல. அங்கே 36 மாநிலங்களிலும் ஆளுநரை மக்களே வாக்களித்துத் தெரிவு செய்கின்றனர். அவற்றுள் சிறியதொன்று எகிட்டி. பேராசிரியர்கள் நிறைந்த மண் என்று பெயர் பெற்றது. 2014 ஜூன் 21இல் அங்கு நடந்த தேர்தலை நாம் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது.

பதவியில் இருந்தவர் கயோதே ஃபயேமி. லண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். வீதிகள் போட்டார், வறிய முதியோருக்கு மாதம் 5,000 நைரா கொடுத்தார். எதிர்த்து நின்ற அயோ ஃபயோஸே முன்பொரு தடவை ஆளுநராக இருந்து, 2006இல் குற்றப்பிரேரணை மூலம் நீக்கப்பட்டவர். ஆனால் வீதியோரக் கடையில் சனங்களோடு நின்று சாப்பிடுகிற மனிதர்.

ஃபயோஸேக்கு 203,090 வாக்குகள், ஃபயேமிக்கு 120,433. மொத்தமுள்ள 16 உள்ளூராட்சிப் பிரிவுகளில் சொந்தப் பிரிவைக்கூட ஃபயேமி வெல்லவில்லை!

அரிசி கொடுத்து வாங்கிய வெற்றி என்றார்கள். "வயிற்று உட்கட்டமைப்பு" என்ற சொல் நைஜீரியா முழுக்கப் பரவியது. வீதியும் கட்டடமும் பிறகு, முதலில் வயிறு என்பது அதன் பொருள்.

நமக்கு அந்த விளக்கம் போதாது. 2012இல் ஃபயேமி ஆசிரியர்களுக்கு ஒரு மதிப்பீட்டுப் பரீட்சை வைக்கப் போனார். என்ன பயிற்சி தேவை என்று அறியத்தான் என்றது அரசு. வேலைக்கு உலை வைக்கிறார்கள் என்று ஆசிரியர்கள் பயந்து, பரீட்சையையே புறக்கணித்தார்கள். நோக்கம் நல்லதாகவே இருந்திருக்கலாம். ஆனால் ஓர் ஆசிரியரின் மனக்கசப்பு அவரோடு நிற்பதில்லை, வீடு, உறவு, ஊர் என்று போகும். அதை அரிசிக் கணக்கில் சேர்க்க முடியாது.

ஃபயேமி மறுநாளே தோல்வியை ஏற்று, வென்றவரை வாழ்த்தினார்.  2015இல் ஓர் ஒலிப்பதிவு கசிந்து, தேர்தலில் இராணுவம் பயன்படுத்தப்பட்டது என்ற குற்றச்சாட்டு எழுந்தது வேறு கதை.

ஃபயோஸேயின் ஆட்சி முடியும்போது அரச ஊழியர்களுக்குப் பல மாதச் சம்பளம் பாக்கி. ஆசிரியர்களும் அதில் அடக்கம். 2018 ஜூலையில் மீண்டும் தேர்தல். ஃபயோஸேயின் பிரதி ஆளுநரை 197,459க்கு 178,121 என்ற கணக்கில் தோற்கடித்து, ஃபயேமி அதே கதிரைக்குத் திரும்பி வந்தார்.