மலை ஏறிய படகுகள்



கோல சிலாங்கூர் வட்டாரப் பிள்ளைகளுக்குப் படகு புதிதன்று. சிலாங்கூர் ஆற்றின் முகத்துவாரத்தில், பாசிர் பெனாம்பாங் மீனவர்களின் இயந்திரப் படகுகளை அவர்கள் பார்த்தே வளர்கிறார்கள். அவை யாவும் கடல்மட்டத்தில் ஓடுபவை. அதே இயந்திரத்தை ஒரு மலை ஏரிக்குக் கொண்டுபோனால் எப்படி ஓடும்? இக்கேள்விக்குப் பின்னால் சுவையான வரலாறு ஒன்று உண்டு.

முதலில் தமிழ்நாட்டு மலைகளுக்குச் செல்வோம். 1863-இல், மதுரை ஆட்சியராக இருந்த வியர் லெவிஞ்ச் கோடைக்கானலில் ஏரியை உருவாக்கினார். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். அந்த ஏரியில் விடுவதற்கான முதல் படகு தூத்துக்குடியிலிருந்து மலைக்குக் கொண்டுவரப்பட்டது. கடலோரப் படகு மலைமேலும் மிதந்தது. இதில் வியப்பில்லை. உப்புநீருக்கும் நன்னீருக்கும் சிறு வேறுபாடு உண்டே தவிர, உயரத்தால் நீரின் அடர்த்தி மாறுவதில்லை.

காற்று அப்படியன்று. 1648-இல் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கலின் வேண்டுகோளின்படி, அவருடைய மைத்துனர் பெரியே பாதரசக் குழாயை ஒரு மலையுச்சிக்கு எடுத்துச் சென்றார். மேலே ஏற ஏறப் பாதரசம் இறங்கியது. உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைகிறது என்பது அன்று மெய்ப்பிக்கப்பட்டது.

இனி, தென்னமெரிக்காவின் தித்திகாக்கா ஏரி. உயரம் 3,812 மீட்டர். பெரு நாட்டு அரசு இங்கிலாந்தில் செய்வித்த ‘யாவாரி’ என்ற இரும்புக் கப்பல், 2,766 துண்டுகளாக 1862-இல் அரிக்கா துறைமுகத்தில் வந்து இறங்கியது. கோவேறு கழுதைகளின் முதுகில் ஏறி ஆண்டீஸ் மலையைக் கடந்து, ஏரிக்கரையில் மீண்டும் பூட்டப்பட்டு, 1870-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில்தான் நீரில் இறங்கியது. அருகில் நிலக்கரி கிடைக்காததால், லாமா என்னும் விலங்கின் உலர்ந்த சாணத்தை எரித்து நீராவி எழுப்பினார்கள். நீராவி தன் அழுத்தத்தைக் கொதிகலனுக்குள்ளேயே உண்டாக்கிக்கொள்கிறது. ஆகவே மெலிந்த காற்று அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை.

1914-இல் யாவாரியில் சுவீடன் நாட்டுப் போலிண்டர் எண்ணெய் இயந்திரம் பொருத்தப்பட்டது. இத்தகைய இயந்திரம் உருளைக்குள் காற்றை இழுத்து, எண்ணெயை அதனுடன் எரித்தே ஆற்றல் பெறுகிறது. தித்திகாக்காவிலோ காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் 3-இல் 2 பங்குகூட இல்லை. காற்று குறைந்தால் உயிர்வளி குறையும், எரியும் எண்ணெயும் குறையும், வலுவும் குறையும்.

எவ்வளவு குறையும்? 1918-இல் அமெரிக்கப் பொறியாளர் சான்ஃபோர்டு மாஸ் ஒரு விமான இயந்திரத்தை ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் மலையுச்சிக்கு ஏற்றிச் சோதித்தார். கீழே 350 குதிரைத்திறன் தந்த இயந்திரம் மேலே 230 மட்டுமே தந்தது. காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போ கருவியைப் பூட்டியதும் 356 ஆக உயர்ந்தது. அக்கருவி இல்லாத இயந்திரங்களுக்கு, ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்திற்கும் ஏறத்தாழ 3 விழுக்காடு இழப்பு என்பது இன்றும் கையாளப்படும் கணக்கு. அதன்படி, 2,200 மீட்டருக்கும் மேலுள்ள உதகமண்டல ஏரியில் 40 குதிரைத்திறன் இயந்திரம் ஏறத்தாழ 31 குதிரைத்திறனே தரும்.

இங்கேதான் உந்துவிசிறியின் சிக்கல் எழுகிறது. நம் பக்கத்து மலாய் மீனவர்கள் ‘கிப்பாஸ்’ என்பது இதைத்தான். இயந்திரம் இளைத்துவிட்டது, ஆனால் விசிறி தள்ள வேண்டிய நீர் இளைக்கவில்லை. சுமை பழைய சுமையே. கடல்மட்டத்திற்குப் பொருத்தமான விசிறி மலை ஏரியில் இயந்திரத்தை அமுக்கிவிடும். நிமிடத்திற்கு 5,000 முதல் 6,000 சுற்று எட்ட வேண்டிய இயந்திரம் அதனை எட்டாமல் திணறும். ஆள் நிறைந்த படகு மூக்கைத் தூக்கியபடி நகரும், வேகம் பிடிக்காது.

தீர்வு, புரியிடை குறைந்த விசிறி. ஒரு சுற்றில் திருகாணி மரத்துக்குள் முன்னேறுவதுபோல், விசிறி நீருக்குள் முன்னேற வேண்டிய தூரமே புரியிடை. அதில் ஓர் அங்குலம் குறைத்தால், நிமிடத்திற்கு ஏறத்தாழ 150 முதல் 200 சுற்று கூடும். பல்லிணை மிதிவண்டியில் மேடேறும்போது இலகுவான பல்லுக்கு மாற்றுகிறோம் அல்லவா? அதே தத்துவம். ஆனால் இழந்த ஆற்றல் இதனால் முழுதும் திரும்புவதில்லை; இருக்கும் ஆற்றல் வீணாகாமல் பயன்படுகிறது. கார்புரேட்டர் இயந்திரமாயின், மெலிந்த காற்றுக்கேற்ப எண்ணெய் அளவையும் குறைக்க வேண்டும்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று கேட்கலாம். பத்தாங் பெர்ஜுந்தை (2007 முதல் பெஸ்தாரி ஜெயா) அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான், 1917-இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிர் தொடங்கியது. பின்னர் ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை பரவியபோது, பால்மரம் சீவுவதில் தேர்ந்த கைகளுக்கு மதிப்பில்லாமற் போயிற்று. கைத்திறன் மட்டும் இருந்தால், இடமும் காலமும் மாறும்போது அது நின்றுவிடும். நம் மாணவர் பலர் இயந்திரப் பட்டறைகளுக்கே வேலைக்குச் செல்கிறார்கள். எதைக் கழற்றி எதை மாட்டுவது என்பதைப் பட்டறை கற்றுக்கொடுத்துவிடும். ஏன் என்பதைப் பள்ளிதான் கற்றுக்கொடுக்க வேண்டும்.

அடுத்த அறிவியல் பாடத்தில் காற்றைப் பற்றிப் பேசும்போது, இந்த ஒரு கேள்வியை மாணவர்முன் வையுங்கள்: “நம் ஆற்றுப் படகை உதகமண்டல ஏரியில் விட்டால், எது மாறும், எது மாறாது?” விடையை உடனே சொல்லிவிடாதீர்கள். அவர்களே பேசிக் கண்டுபிடிக்கட்டும்.