நாபோத்தின் நிலமும் நமது நகரமும்

தென்சென்னையில் இருவர் சந்தித்தால் இக்காலத்தில் பேச்சு விரைவில் கட்டடங்களின் பக்கம் திரும்பிவிடுகிறது. ஒரு தலைமுறைக்கு முன் மந்தைவெளியிலும் அடையாற்றிலும் எழுந்த மூன்று மாடிக் குடியிருப்புகள் இடிக்கப்பட்டு, அவை நின்ற இடத்தில் உயர்ந்த அடுக்ககங்கள் எழுகின்றன. மயிலையின் லஸ் பகுதியில் மெட்ரோ இரயிலுக்காகப் பூமி குடையப்படுகிறது. தியாகராய நகரின் கடைத்தெருவில் நடப்போருக்கு இடமா, வண்டிகளுக்கு இடமா என்னும் வழக்கு ஓய்ந்தபாடில்லை. குடியிருப்போர் சங்கங்களின் கூட்டங்களில் குரல்கள் உயர்கின்றன. ஒரு சாரார் பழமை அழிகிறதே என்று வருந்துகின்றனர். மற்றொரு சாரார் ஒழுகும் கூரையின்கீழ் எத்தனை காலம் வாழ்வது என்று கேட்கின்றனர். இரு சாராரின் பேச்சிலும் நியாயம் உண்டு.

2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், உரிமையாளருள் மூன்றில் இரண்டு பங்கினர் இசைந்தால் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாக எழுப்ப வழி செய்கிறது. ஒருவரது பிடிவாதத்தால் ஐம்பது குடும்பங்கள் ஆபத்தான கட்டடத்தில் கிடக்க வேண்டியதில்லை என்பது இதன் நன்மை. ஆயினும் இசையாத மூன்றில் ஒரு பங்கினரின் நிலை என்ன? வாழ்நாளின் இறுதியில் ஈராண்டு, மூவாண்டு வேறிடம் சென்று வாழ அஞ்சும் முதியவர் அவர்களுள் இருப்பர். வாடகைக்குக் குடியிருப்போரோ அந்தக் கணக்கில் இடம்பெறுவதே இல்லை. எனவே, “மாற்றம் வேண்டுமா, வேண்டாமா?” என்னும் கேள்விக்கு முன்னதாக வேறொரு கேள்வியை நாம் எழுப்ப வேண்டியவர்களாய் இருக்கிறோம்: முடிவு செய்யும் அவையில் யார் யார் அமர்ந்திருக்கிறார்கள்? இந்நகரின் வரலாறு இக்கேள்விக்கு நல்ல விளக்கவுரையாக அமைகிறது.

ஏரி நகரமான வரலாறு

நூறு ஆண்டுகளுக்கு முன் தியாகராய நகர் என்றோர் ஊர் இல்லை. அங்கே நீர் இருந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலத்தின் வழியே அடையாற்றை நோக்கி வளைந்து கிடந்த பெரிய ஏரித் தொடரை ஆங்கிலேயர் ‘நீண்ட ஏரி’ என்னும் பொருள்பட அழைத்தனர். அன்று மவுண்ட் ரோடு எனப்பட்ட அண்ணா சாலை அதன் கரையை ஒட்டிச் சென்றது. அந்த நீரில் ஆங்கிலேயர் படகுப் போட்டிகள் நடத்தியதும் உண்டு.

முதல் உலகப் போருக்குப் பின் நகரில் குடியிருப்புத் தட்டுப்பாடு மிகுந்தது. 1920ஆம் ஆண்டில் சென்னை நகரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதைத் தொடர்ந்து 1923இல் மாம்பலம் வீட்டுமனைத் திட்டம் உருவாகி, ஏரி படிப்படியாக வடிக்கப்பட்டு, மனைகள் பிரிக்கப்பட்டன. நீதிக்கட்சியின் ஆட்சிக்காலம் அது. 1925இல் மறைந்த சர் பிட்டி தியாகராயரின் பெயர் புதிய நகருக்குச் சூட்டப்பட்டது; பனகல் அரசரின் பெயர் நடுவிலிருந்த பூங்காவுக்கு வந்தது. எல்லாத் திசைச் சாலைகளும் அப்பூங்காவை நோக்கி வருமாறு அமைத்த அழகிய திட்டம் அது என்பதை மறுப்பதற்கில்லை. அதே 1925இல் நுங்கம்பாக்கம் ஏரியின் கரையருகே இயேசு சபையினர் இலயோலா கல்லூரியைத் தொடங்கினர். ஏரியின் எஞ்சிய பகுதியும் பின்னாளில் தூர்ந்தது; அவ்விடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது.

இன்று தியாகராய நகரின் பழைய குடும்பத்தார், “அமைதியான எங்கள் குடியிருப்பைக் கடைகள் விழுங்கிவிட்டன” என்று வருந்துகின்றனர். அவ்வருத்தம் உண்மையானதே. பாட்டன் கட்டிய மாமரத் தோட்ட வீட்டின் வாயிலில் துணிக்கடையின் சரக்கு வண்டி நிற்பதைக் கண்டு யாருக்குத்தான் மனம் நோகாது? ஆனால் அந்தப் பாட்டன் மனை வாங்கிய நாளில், ஏரியை நம்பி வாழ்ந்த உழவனிடம் கருத்துக் கேட்டவர் யார்? அவனுக்குச் சங்கம் இல்லை. நாளிதழுக்குக் கடிதம் எழுதும் வழக்கமும் இல்லை. எனவே அவனது வருத்தம் ஏட்டில் ஏறவில்லை. மேற்கு மாம்பலத்தின் ‘லேக் வியூ ரோடு’ போன்ற தெருப் பெயர்களே அந்த ஏரிக்கு எஞ்சிய நினைவுச் சின்னங்கள்.

நீர் மட்டும் தன் பழைய முகவரியை மறக்கவில்லை. 2015ஆம் ஆண்டின் பெருவெள்ளத்திலும், 2021 நவம்பர் மழையிலும் தியாகராய நகரின் தெருக்களும் மேற்கு மாம்பலத்தின் தெருக்களும் நீரில் நின்றன. மாம்பலம் கால்வாய் அடைபட்டதைப் பற்றி அந்நாளில் பேசாதவர் இல்லை. அவையில் கேட்கப்படாத குரல் நூறாண்டு கழித்து வீட்டுக் கூடத்திற்குள் வந்து பேசியது என்றே கொள்ளலாம்.

வலை உலர்ந்த கரை

இனி ஏரியை விட்டுக் கடலுக்கு வருவோம். சாந்தோம் பேராலயத்தின் பின்புறம் நின்று நோக்கினால் வங்கக் கடலும், வடக்கே நொச்சிக்குப்பமும், தெற்கே பட்டினப்பாக்கம் சீனிவாசபுரமும் தெரியும். இக்கரையில் அதிகாரம் பலமுறை கைமாறியிருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இங்குக் குடியேறினர். கடலோரத்தில் இருந்த பழைய கபாலீசுவரர் கோயில் அவர்கள் காலத்தில் அழிந்தது என்றும், இன்றுள்ள கோயில் பின்னர் உள்ளே தள்ளி எழுப்பப்பட்டது என்றும் வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். இதனை மறைக்காமல் சொல்வதே கிறிஸ்தவ மரபுக்கு அழகு. அப்போர்த்துக்கீசியரின் கோட்டையும் நிலைக்கவில்லை. 1672இல் பிரெஞ்சுக்காரர் அதனைப் பிடித்தனர், ஈராண்டில் இழந்தனர். பின்னர் மதில்கள் இடிக்கப்பட்டன. 1749இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. இன்று நாம் காணும் பேராலயம் 1896இல் நிறைவுற்றது. இத்தனை ஆட்சிகள் மாறியும் இக்கரையை விட்டு அகலாதவர் மீனவரே.

அவர்களை அகற்றும் எண்ணம் மட்டும் ஆட்சிகள்தோறும் புதுப்பிக்கப்பட்டு வந்தது. 1970இல் தொடங்கப்பட்ட குடிசை மாற்று வாரியம், ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காணலாம் என்னும் அண்ணாவின் கருத்தை முகப்பில் தாங்கி, மக்கள் வாழ்ந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்புகளைக் கட்டியது. கட்டடங்களில் குறை இருந்திருக்கலாம். ஆனால் கடலும் பள்ளியும் கோயிலும் நடை தூரத்திலேயே இருந்தன. 1985ஆம் ஆண்டு இறுதியில் மெரினாவை அழகுபடுத்தும் பொருட்டுப் படகுகளையும் வலைகளையும் மணலிலிருந்து அகற்ற அரசு முற்பட்டது. எதிர்ப்பு மூண்டது, துப்பாக்கிச் சூட்டில் மீனவர் உயிரிழந்தனர். 2003இல் இரு திட்டங்கள் எழுந்தன. மலேசிய ஒத்துழைப்புடன் கடற்கரையை உருமாற்றுவது ஒன்று. 1914இல் தொடங்கிய இராணி மேரிக் கல்லூரி நின்ற இடத்தில் புதிய தலைமைச் செயலகம் அமைப்பது மற்றொன்று. மீனவரும் மாணவியரும் எதிர்த்தனர்; இரண்டும் கைவிடப்பட்டன.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தது. அரசாணையால் ஆகாதது அலையால் ஆயிற்று. சீனிவாசபுரத்து மக்கள் பலர், பழைய மாமல்லபுரம் சாலையையொட்டிய கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் அனுப்பப்பட்டனர். தலைக்கு மேல் கூரை கிடைத்தது. விடியற்காலையில் கடலுக்குச் செல்லும் வழி கிடைக்கவில்லை. வீட்டு வேலைக்கு மயிலைக்கு நடந்து வந்த தாய்க்கு இப்போது பேருந்துக் கட்டணமும் இரு வேளைப் பயணமும் கூடின. பிள்ளைகளின் படிப்பு இடையில் முறிந்தது. வீடு என்பது நான்கு சுவர் மட்டும் அன்று என்னும் எளிய உண்மை அப்போது பலருக்கு விளங்கியது.

2023 ஏப்ரலில் லூப் சாலையின் மீன்கடைகள் பெரும் வழக்காயின. உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கையடுத்து மாநகராட்சி கடைகளை அகற்ற, மீனவர் சாலையை மறித்துப் போராடினர். போக்குவரத்துக்கு மீன்கடை இடையூறு என்றது ஒரு தரப்பு. எங்கள் மணலில் போடப்பட்ட சாலைதான் எங்களுக்கு இடையூறு என்றது மறுதரப்பு. 2024 ஆகஸ்டில் அங்கே புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது. அது எவ்வளவு நிறைவு தந்தது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆயினும் மீன் விற்போர் கரையிலேயே இருக்க வழி பிறந்தது. வாய்திறந்து பேசியிராவிட்டால் அதுவும் கிடைத்திராது.

வைத்தியர் கையிலுள்ள கத்தி

நகரத்தைச் சீர்திருத்துவது குற்றமன்று. கழிவுநீர் தேங்கும் தெருவைப் பழமை என்று போற்றுவதும் அறமன்று. எப்படிச் சீர்திருத்துவது என்பதே வினா. 1915ஆம் ஆண்டளவில் பேட்ரிக் கெடிஸ் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் சென்னை மாகாணத்திற்கு வந்தார். தஞ்சை, மதுரை முதலான ஊர்களைத் தெருத்தெருவாக நடந்து பார்த்து அறிக்கை எழுதினார். பழைய ஊரின் நெஞ்சைப் பிளந்து நேர்க்கோட்டில் அகலச் சாலை போடுவதை அவர் கண்டித்தார். சிதைந்த வீடொன்றை நீக்கி அங்கே சிறு வெளியும் மரமும் அமைத்தால், குறைந்த செலவில், குடிகளைக் கலைக்காமலே ஊர் மூச்சுவிடும் என்று காட்டினார். நோயுற்ற பகுதியை மட்டும் நீக்கி உயிரைக் காக்கும் வைத்தியரின் முறை அது.

அம்முறையை மறந்த நாடுகள் விலை கொடுத்தன. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியிலுள்ள செயின்ட் லூயிஸ் நகரில், ‘புரூயிட் ஐகோ’ என்னும் பெயரில் 11 மாடிகள் கொண்ட 33 கட்டடங்களை ஏழை மக்களுக்காக 1950களில் எழுப்பினர். சிறந்த கட்டடக் கலைஞர் வரைந்த திட்டம் அது. பராமரிப்புக்குப் பணம் இல்லை, மின்தூக்கிகள் பழுதாயின, மக்கள் வெளியேறினர். 1972இல் அரசே அவற்றை வெடிவைத்துத் தகர்க்கத் தொடங்கியது. நகரின் ஓரத்தில் அடுக்கடுக்காய் வீடு கட்டி மக்களை அனுப்பிவிட்டால் கடமை தீர்ந்தது என்று எண்ணுவோர்க்கு இது பாடமன்றோ?

அவையிலும் அநீதி நிகழலாம்

அரசர்கள் முதல் நூலில் வரும் நாபோத்தின் கதையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆகாபு மன்னன் கேட்டது அநியாய விலைக்கு அன்று என்பதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். அரண்மனைக்கு அருகிலிருந்த திராட்சைத் தோட்டத்தைக் காய்கறித் தோட்டமாக்க விரும்பினான். அதற்கு ஈடாக அதைவிட நல்ல தோட்டமோ, தக்க பணமோ தருவதாகச் சொன்னான். நாபோத்து மறுத்தான், அது மூதாதையர் விட்டுச்சென்ற உரிமைச் சொத்து. பிறகு நடந்தது நமக்கு இன்னும் பெரிய எச்சரிக்கை. நாபோத்து இருட்டில் கொல்லப்படவில்லை. ஊர் மூப்பர்கள் கூடினர், நோன்பு அறிவிக்கப்பட்டது, நாபோத்து மக்கள் முன்னிலையில் அமர்த்தப்பட்டான், இரு சாட்சிகள் பேசினர். முறைகள் யாவும் நிறைவேறின. உண்மை மட்டும் அங்கே இல்லை.

ஆகவே கருத்துக் கேட்புக் கூட்டம் ஒன்று நடந்துவிட்டது என்பதனாலேயே நீதி நடந்துவிட்டதாகாது. வேலைநாளின் முற்பகலில் கூட்டம் வைத்தால் அன்றாடக் கூலிக்காரர் எப்படி வருவார்? வரைபடத்தை ஆங்கிலத்தில் மட்டும் விரித்தால் மீன்காரம்மா எதைக் கண்டு பேசுவார்? திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சீ’ சுற்றுமடல், ஏழைகளை இடம்பெயர்க்க நேரும்போது அவர்களுக்கு முன்னரே போதிய தகவல் தர வேண்டும், தகுந்த வீடுகளுள் தேர்ந்துகொள்ள வாய்ப்பளிக்க வேண்டும், அவர்களையும் அம்முயற்சியில் பங்கேற்கச் செய்ய வேண்டும் என்று வலியுறுத்துகிறது. இது நகரமைப்போர்க்கு மட்டும் சொன்னதன்று, நமக்கும் சொன்னதே.

ஏனெனில் நமது பங்குகளில் இரு தரப்பினரும் இருக்கின்றனர். போக்குவரத்து நெரிசலைப் பற்றி மனு எழுதும் அடுக்ககவாசியும், அந்நெரிசலுக்குக் காரணம் எனச் சுட்டப்படும் மீன் விற்பவரும் ஞாயிறன்று ஒரே பலிபீடத்தின் முன் நிற்கின்றனர். திருப்பலியில் சமாதானத்தைப் பகிர்ந்துகொண்ட பின், சங்கக் கூட்டத்தில் ஒருவர் மற்றவரைத் தொல்லை என்று எழுதிவைப்பது எங்ஙனம் பொருந்தும்? 2009ஆம் ஆண்டளவில் கலங்கரை விளக்கத்திலிருந்து கொட்டிவாக்கம் வரை கடற்கரையோரம் மேம்பாலச் சாலை அமைக்கும் திட்டம் எழுந்தபோது, பெசன்ட் நகர்க் குடியிருப்போரும் ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவரும் சேர்ந்தே எதிர்த்தனர். திட்டம் அன்று நிறைவேறவில்லை. வீட்டு உரிமையாளரும் குப்பத்தாரும் ஒரே பக்கம் அமர முடியும் என்பதற்கு அது சான்று.

2022 நவம்பர் 1 முதல் மாநகரப் பகுதிகளிலும் பகுதி சபைக் கூட்டங்கள் நடத்தப்பட்டு வருகின்றன. நம்மில் எத்தனை பேர் அதற்குச் சென்றிருப்போம்? கூட்ட நாளைப் பங்கு அறிவிப்புகளில் வாசிக்கலாம். அன்பியக் கூட்டங்களில் வரைபடத்தைத் தமிழில் விளக்கலாம். அடுக்ககத்தை இடிக்கும் பேச்சு எழும்போது, அங்கே குடியிருக்கும் முதியவரும் வாடகைதாரரும் காவலாளியின் குடும்பமும் இடைக்காலத்தில் எங்கே தங்குவர் என்னும் கேள்வியை உரிமையாளராகிய நாமே முதலில் எழுப்பலாம். பகுதி சபைக்குச் செல்கையில் அடுத்த தெருவின் குப்பத்துச் சகோதரியையும் அழைத்துச் செல்லலாம். அவர் பேசும் வரை நமது பேச்சைச் சற்று நிறுத்தி வைத்தாலும் நன்றே.