கணினிப் பழுதறிதல்

கணினிப் பழுதறிதல் என்பது கணினிக் கோளாறின் காரணத்தை அறிகுறிகளைக் கொண்டு படிப்படியாகக் கண்டறியும் முறை. பிறருடைய கணினியானால் முதல் வேலை கேட்டறிவது: என்ன செய்யும்போது கோளாறு வந்தது, பிழைச் செய்தியில் என்ன எழுதியிருந்தது, அதற்குமுன் புதிதாக எதை நிறுவினார்கள். “நெட் வரவில்லை” என்பவரின் இணைப்பு நன்றாகவே இருக்கலாம். ஆகவே அவரையே ஒருமுறை செய்துகாட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். கோப்புகளை நகலெடுத்து வைக்காமல் ஃபார்மட் செய்வது மன்னிக்க முடியாத தவறு.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிச் சோதிக்க வேண்டும். சேஃப் மோடில் விண்டோஸ் அடிப்படை டிரைவர்களுடன் மட்டும் இயங்கும். அங்கே கோளாறு மறைந்தால், பின்னர் சேர்த்த டிரைவரோ மென்பொருளோ காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பழைய மேசைக் கணினிகளில் அடிக்கடி காணும் ஒன்று: வங்கித் தளம், மின்னஞ்சல் எதைத் திறந்தாலும் ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்ற எச்சரிக்கை. வைரஸ் என்று முடிவுகட்டி விண்டோஸை மறுபடி நிறுவுவோர் உண்டு. திரையின் மூலையில் பார்த்தால் தேதி பல ஆண்டுகள் பின்தங்கியிருக்கும். மதர்போர்டிலுள்ள 3 வோல்ட் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோனால், மின்சாரத்தைத் துண்டிக்கும்போதெல்லாம் கடிகாரம் பழைய தேதிக்குத் திரும்பிவிடும். அந்தத் தேதியில் தளத்தின் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கே வந்திருக்காது. அதனால் பிரவுசர் மறுக்கிறது. பேட்டரியை மாற்றித் தேதியைத் திருத்தினால் போதும்.

உரிமையாளர் தம் வழக்கமான வேலையைச் செய்துபார்த்து உறுதிசெய்த பிறகே பழுது நீங்கியதாகக் கொள்ள வேண்டும்.