பகை

'பகு' என்றால் பிரி. பகுதி, பகை இரண்டும் அந்த வேரில் முளைத்தவை. அப்படியானால் பகைவர் என்பவர் ஒன்றாயிருந்து பிளந்ததன் மறுபாதி. பகைவர் மீண்டும் சேரும் கதை ஒன்று உண்டு: சுவாதி தீர்தலாவின் 'தி டைகர் அட் மிட்நைட்' (2019), இந்துப் புராணச் சாயல் கொண்ட இளையோர் நாவல். அதில் கலகக்காரி ஈஷாவும் அவளைத் துரத்தும் படைவீரன் குணாலும் காதலில் விழுகிறார்கள். இதை ஊடல் என்றால் போதாதா? போதாது. ஊடல் காதலுக்குப் பின் வரும் செல்லக் கோபம். இங்கே காதலுக்கு முன்பே கத்தி உருவப்பட்டுவிட்டது. பிரிந்ததெல்லாம் பகையாகிவிடுமா என்ற கேள்வி நியாயமானதுதான். பாகம் பிரித்த அண்ணன் தம்பி எல்லோரும் கோர்ட்டுக்குப் போவதில்லை (பலர் போகிறார்கள்). ஆனால் பகைக்குள் பழைய உறவு ஒளிந்திருப்பதைப் புராணமும் அறியும். கண்ணனை ஓயாமல் வெறுத்தே அவனோடு கலந்ததாகப் பாகவதம் சொல்லும் சிசுபாலன், அவனுக்கு அத்தை மகன்.