செப்பேடும் கந்தையும்

கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுற்றிக்காட்டுகிறவர்கள் ராஜேந்திரனில் தொடங்கி ராஜேந்திரனிலேயே முடிக்கிறார்கள். கங்கைவரை போன படை, 1025 வாக்கில் எழுந்த தலைநகர், 2004இல் கிடைத்த யுனெஸ்கோ தகுதி. மாலைநேர வகுப்பில் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், "சார், இதுல எங்க ஆளுங்க யாரு?" என்று ஒரு சிறுமி கேட்கும்வரை.

அடுத்த வாரம் வீட்டிலிருக்கும் பழஞ்சேலை விரிப்பைக் கொண்டுவரச் சொன்னேன். நைந்துபோன சேலைகளை அடுக்கி, ஓட்டுத்தையல் போட்டு வீட்டுப் பெண்கள் செய்கிற படுக்கை அது. ஒவ்வொரு துண்டும் எப்படி வந்தது என்று வீட்டில் கேட்டு எழுதவேண்டும். அவ்வளவுதான் பாடம். ஆயாவின் கூறைச்சேலை, அறுப்புக்குப் போன வீட்டில் தீபாவளிக்குக் கொடுத்த பழசு, எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1983இல் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டத்தில் வந்தது. கல்யாணமும் கூலியும் அரசும் ஒரே விரிப்பில். சமூக வரலாறு என்று நாம் கனத்த மொழியில் பேசுவது இதைத்தானே?

திருவாலங்காட்டுச் செப்பேடு சோழர் வம்சத்தைச் சூரியனிலிருந்து தொடங்குகிறது. விரிப்புக்கு அப்படியொரு ஆதி கிடையாது. பெண்வழியும் அண்டைவீடும் எசமான் வீடும் கலந்து கிடக்கும் பிரதி அது. ராஜேந்திரன் படை போன வங்காளத்தில் இதே வேலைக்குக் காந்தா என்று பெயர். அதுவும் நம் கந்தையும் 'கந்தா' என்கிற ஒரே வடசொல்லிலிருந்து வந்தவை. ஒன்று அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. மற்றது கந்தலாகவே நின்றுவிட்டது.

அமெரிக்காவின் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்றொரு கறுப்பின மக்களின் ஊர். அங்கே பலருக்கும் பெட்வே என்று பெயர். அது அவர்கள் மூதாதையரை அடிமைகளாக வைத்திருந்த தோட்ட முதலாளியின் பெயர். மிசௌரி பெட்வே 1942இல், இறந்துபோன கணவனின் வேலை உடுப்புகளைக் கிழித்து ஒரு விரிப்புத் தைத்தார். பெயர் எசமானுடையது. விரிப்பு அவருடையது.

இந்த உதாரணத்தோடு நான் திருப்தியாக இருந்திருக்கலாம். ஒரு பையன் மட்டும் எதுவும் எழுதி வரவில்லை. கேட்டதற்கு, "பழசு நெறய இருக்கு சார். யாரு குடுத்ததுன்னு சொல்ல அம்மாவுக்குப் புடிக்கல" என்றான்.

எனக்குச் சுரீரென்றது. 'குடும்பப் பாரம்பரியம்' என்று வகுப்பறையில் கேட்கும்போது, சாதியை வேறு வார்த்தையில் கேட்டுவிடுகிறோம். சிலருக்குப் பெருமையாக இருப்பது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு அவமானத்தின் கணக்கு. அடித்தள மக்கள் வரலாற்றை எழுதுகிறோம் என்பதற்காக, அவர்கள் மூடிவைத்ததைத் திறந்துபார்க்கும் உரிமை நமக்கு வந்துவிடாது.

ராஜேந்திரன் கோயிலே முழுசாக இல்லை. 1836இல் அதன் சுற்றுமதில் கற்களைப் பெயர்த்துக் கொள்ளிடத்தில் கீழணை கட்டப் பயன்படுத்தினார்கள். மாளிகைமேட்டில் 1980களில் தோண்டியபோது கிடைத்ததும் அரண்மனையின் செங்கல் அடித்தளம்தான். அரசர்களின் மிச்சமும் இப்படி வேறிடத்தில் ஒட்டுப்போட்டுத்தான் கிடக்கிறது. அதற்காக யாரும் ராஜேந்திரனைக் கூசவைப்பதில்லை.

அடுத்த முறை கேள்வியை மாற்றிக்கொண்டேன். துணி எங்கிருந்து வந்தது என்பதை விட்டுவிட்டேன். இதைத் தைத்தது யார், எந்த நேரத்தில் உட்கார்ந்து தைத்தார், அதில் யார் யார் படுத்தீர்கள் என்று கேட்டேன். அந்தப் பையன் இரண்டு பக்கம் எழுதியிருந்தான்.