பெங்களூருவில் பி.எஸ்சி. நர்சிங்: கல்லூரித் தேர்வு முதல் கல்விக்கடன் வரை கவனிக்க வேண்டியவை

பெங்களூரு: பிளஸ் 2 தேர்வு முடிவுகள் வெளியாகும் காலத்தில் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரக் குடும்பங்களில் பெங்களூரு செவிலியர் கல்லூரிகளின் பெயர்கள் அடிபடுவது வழக்கம். கேரளம், மேற்கு வங்கம், வடகிழக்கு மாநிலங்களில் இருந்தும் மாணவ, மாணவியர் இந்நகருக்கு வருகின்றனர். பெரும்பாலும் இந்தச் சேர்க்கை, ஊரில் உள்ள ஒரு முகவரின் தொலைபேசி அழைப்பில் தொடங்கி, முன்பணம் செலுத்துவதில் முடிந்துவிடுகிறது. கல்லூரியின் அங்கீகாரம், கற்றல் மருத்துவமனை, வங்கிக் கடனுக்கான தகுதி ஆகியவை குறித்த கேள்விகள் அதன் பிறகே எழுகின்றன. அவை முன்பணத்துக்கு முன்னரே கேட்கப்பட வேண்டியவை.

எந்தப் படிப்பு?

பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பாகும். 2021-22 கல்வியாண்டு முதல் இது எட்டு பருவங்களாக நடத்தப்படுகிறது. பிளஸ் 2 வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகிய பாடங்களில் தேர்ச்சியும், 45 சதவீத மதிப்பெண்ணும் தேவை. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 40 சதவீதம் போதுமானது. சேர்க்கை ஆண்டின் டிசம்பர் 31-ஆம் தேதிக்குள் 17 வயது நிறைவடைந்திருக்க வேண்டும். ஜி.என்.எம். என்பது மூன்று ஆண்டு பட்டயப்படிப்பு. அறிவியல் பிரிவு அல்லாத மாணவர்களும் இதில் சேரலாம். இதை முடித்தவர்கள் பின்னர் இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. வழியாகப் பட்டம் பெற முடியும். உடனடியாகக் கையில் பணம் இல்லாத குடும்பங்களுக்கு இது மோசமான வழியல்ல.

மூன்று அமைப்புகளும் ஒரு வழக்கும்

கர்நாடகத்தில் பி.எஸ்சி. நர்சிங் கல்லூரிகள், 1996-இல் தொடங்கப்பட்ட ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்துடன் இணைவு பெற்று இயங்குகின்றன. பெங்களூரு ஜெயநகரில் இதன் தலைமையகம் உள்ளது. சில நிகர்நிலை மற்றும் தனியார் பல்கலைக்கழகங்களும் தனியாக இப்படிப்பை நடத்துகின்றன. செவிலியராகப் பதிவு செய்யும் பொறுப்பு கர்நாடக மாநில செவிலியர் கவுன்சிலைச் சார்ந்தது. மூன்றாவது அமைப்பு, 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உருவான இந்திய செவிலியர் கவுன்சில், அதாவது ஐஎன்சி. பாடத்திட்டத்தையும் தரநிலைகளையும் வகுப்பது இதுவே.

இந்த மூன்றாவது அமைப்பைச் சுற்றியே கர்நாடகத்தில் நீண்ட சர்ச்சை நிலவியது. தனிப்பட்ட கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் அதிகாரத்தை 1947-ஆம் ஆண்டுச் சட்டம் ஐஎன்சிக்கு வழங்கவில்லை என்றும், தகுதிகளை, அதாவது பட்டங்களை அங்கீகரிக்கும் அதிகாரமே அதற்கு உண்டு என்றும் கர்நாடக உயர் நீதிமன்றம் 2017-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. பல்கலைக்கழக இணைவும் மாநில அனுமதியும் இருந்தால் போதும் என்ற நிலைப்பாட்டைக் கல்லூரி நிர்வாகங்கள் எடுத்தன. அதே ஆண்டில் ஐஎன்சி இணையதளப் பட்டியலில் கர்நாடகக் கல்லூரிகள் இடம்பெறாததால், வெளிமாநில மாணவர்களிடையே, குறிப்பாகக் கேரளத்தில், பெரும் குழப்பம் ஏற்பட்டது. வேறு மாநிலத்தில் பதிவு கிடைக்குமா, வங்கி கடன் தருமா என்பவையே அப்போது எழுந்த இரு கேள்விகள்.

முதல் கேள்விக்குச் சட்டத்திலேயே ஓரளவு பதில் உண்டு. ஐஎன்சி சட்டத்தின் அட்டவணையில் இடம்பெற்ற தகுதியைப் பெற்றவர், நாட்டின் எந்த மாநிலப் பதிவேட்டிலும் பதிவு செய்துகொள்ளத் தகுதி உடையவர். இரண்டாவது கேள்வியே சிக்கலானது. மத்திய அரசின் கல்விக்கடன் வட்டி மானியத் திட்டம் 2018-இல் திருத்தப்பட்டபோது, நாக் அல்லது என்பிஏ தரச்சான்று முக்கிய நிபந்தனையாக்கப்பட்டது. அந்த வரம்புக்குள் வராத தொழிற்படிப்புகளுக்கு உரிய ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதல் தேவை என்றும், நர்சிங் படிப்புக்கு அது செவிலியர் கவுன்சிலின் ஒப்புதல் என்றும் அதன் வழிகாட்டுதல் குறிப்பிட்டது. ஆகவே "நீதிமன்றமே தேவையில்லை என்று கூறிவிட்டது" என்ற முகவரின் வாதம், சட்டப்படி சரியாக இருந்தாலும், வங்கி மேலாளரின் மேசையில் எடுபடும் என்று கருத இயலாது.

இதனிடையே, 1947-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக தேசிய செவிலியர் மற்றும் பிரசவ உதவியாளர் ஆணையச் சட்டம் 2023-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. சேர்க்கைக்கு ஒரே சீரான நடைமுறையை வகுக்கவும் இச்சட்டம் வழி செய்கிறது.

இடம் பெறும் வழிகள்

அரசு ஒதுக்கீட்டு இடங்களைக் கர்நாடகத் தேர்வு ஆணையம், மல்லேஸ்வரத்தில் உள்ள தலைமையகத்தின் வழியாக, சிஇடி தரவரிசை அடிப்படையில் நிரப்புகிறது. இந்த ஒதுக்கீட்டுக்குப் பொதுவாகக் கர்நாடகத்தில் ஏழு ஆண்டுகள் படித்திருக்க வேண்டும். அல்சூரிலும் சிவாஜி நகரிலும் பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் இதற்குத் தகுதி பெறுவர். ஓசூரில் படித்தவர்கள் பெரும்பாலும் பெறமாட்டார்கள். எல்லைப் பகுதிகளில் வசிக்கும் கன்னடம், துளு, குடகு மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோருக்குத் தனி விதி உண்டு.

வெளிமாநிலத்தவருக்கு எஞ்சுவது நிர்வாக ஒதுக்கீடே. இதற்கு விதிவிலக்காக, தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமான நிம்ஹான்ஸ், தனது பி.எஸ்சி. நர்சிங் படிப்புக்குத் தனியே அறிவிக்கை வெளியிடுகிறது. தமிழ்நாட்டு மாணவர்கள் முதலில் சொந்த மாநிலக் கலந்தாய்வில் விண்ணப்பித்துவிடுவது நல்லது. அங்கு பிளஸ் 2 மதிப்பெண் அடிப்படையிலேயே இடம் வழங்கப்படுகிறது. அரசுக் கல்லூரி இடம் கிடைத்தால், பெங்களூருவின் எந்தத் தனியார் கல்லூரியும் செலவில் அதற்கு ஈடாகாது.

மருத்துவமனை எங்கே?

கல்லூரிக் கட்டடத்தைவிட இக்கேள்வி முக்கியமானது. ஐஎன்சி தரநிலைகள், கல்லூரிக்குக் குறைந்தபட்சம் 100 படுக்கைகள் கொண்ட தாய் மருத்துவமனையையும், ஒரு மாணவருக்கு மூன்று நோயாளிகள் என்ற விகிதத்தையும், பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியரையும் வலியுறுத்துகின்றன. சொந்த மருத்துவமனை இல்லாத கல்லூரிகள் ஒப்பந்த அடிப்படையில் வேறு மருத்துவமனைகளுக்கு மாணவர்களை அனுப்புகின்றன. அப்படியாயின் எந்த மருத்துவமனை, எத்தனை கிலோமீட்டர், பேருந்துக் கட்டணம் யார் பொறுப்பு, பிரசவ வார்டில் எத்தனை வாரம் என்பவற்றைக் கேட்டறிய வேண்டும். முடிந்தால் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவரிடமே கேட்பது உத்தமம். வெளிநாட்டில் பணிபுரிய விண்ணப்பிக்கும்போது வகுப்பு நேரம், வார்டு நேரம் ஆகிய விவரங்களைக் கல்லூரியே சான்றளிக்க வேண்டியிருக்கும் என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

கட்டணமும் கடனும்

முகவர் கூறும் தொகை பெரும்பாலும் கல்விக் கட்டணம் மட்டுமே. விடுதி, உணவு, சீருடை, தேர்வுக் கட்டணம், பல்கலைக்கழகப் பதிவு, வார்டு பயணம் ஆகியவற்றையும் சேர்த்து, நான்கு ஆண்டுக்கான மொத்தத் தொகையைக் கல்லூரியின் முத்திரையுடன் எழுத்து வடிவில் பெற வேண்டும். வங்கியும் இதே தாளையே கேட்கும். நன்கொடைத் தொகைக்குக் கடன் கிடைக்காது. அதை வசூலிப்பதே கர்நாடகத்தில் 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டுள்ளது. ரசீது இல்லாமல் கேட்கப்படும் எந்தத் தொகையும் இந்த வகையே.

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி, 4 லட்சம் ரூபாய் வரை குடும்பத்தின் பங்குத்தொகை இன்றிக் கடன் வழங்கப்படுகிறது. அதற்கு மேல், உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதத்தைக் குடும்பம் ஏற்க வேண்டும். 7.5 லட்சம் ரூபாய் வரை கடன் உத்தரவாத நிதியின் பாதுகாப்பு இருப்பதால் சொத்து அடமானம் தேவையில்லை. படிப்புக் காலமும் மேலும் ஓராண்டும் தவணை செலுத்த வேண்டியதில்லை. பின்னர் 15 ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டு மாணவர்களின் விண்ணப்பம் வங்கியின் முடிவுக்கு உட்பட்டது. எனவே இடத்தை உறுதி செய்வதற்கு முன்னரே வங்கிக் கிளையில் பேசிவிட வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். ஆண்டுத் தொடக்கத்தில் 1 லட்சம் வீதம் நான்கு ஆண்டுகளில் 4 லட்சம் ரூபாய் கடன். வட்டி 10 சதவீதம் எனக் கொள்வோம். ஐந்தாம் ஆண்டின் முடிவில் தனிவட்டியே 1.40 லட்சம் ரூபாய் சேர்ந்திருக்கும். மொத்தக் கடன் 5.40 லட்சம். இதைப் பத்து ஆண்டுகளில் அடைக்க மாதம் சுமார் 7,140 ரூபாயும், பதினைந்து ஆண்டுகளில் அடைக்கச் சுமார் 5,800 ரூபாயும் தேவை. பெற்றோரின் ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்து, வட்டி மானியம் முழுமையாகக் கிடைத்தால், அந்த 1.40 லட்சம் ரூபாய் சுமை இல்லை. பத்து ஆண்டுத் தவணை சுமார் 5,290 ரூபாயாகக் குறையும். அங்கீகாரம் குறித்த சர்ச்சை வெறும் காகிதச் சண்டை அல்ல என்பதை இவ்வித்தியாசமே காட்டுகிறது.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டம், 8 லட்சம் ரூபாய் வரை வருமானமுள்ள குடும்பங்களுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை அளிக்கிறது. ஆனால் இது தேசியத் தரவரிசை அடிப்படையில் தேர்வான நிறுவனங்களுக்கே பொருந்தும். அந்தத் தரவரிசையில் நர்சிங் கல்லூரிகளுக்கெனத் தனிப் பிரிவு இல்லாததால், சிறிய தனிக் கல்லூரிகளில் சேர்வோர் இதை எதிர்பார்த்துத் திட்டமிடலாகாது. பட்டியல் சாதி மாணவர்கள், குடும்ப வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், வெளிமாநிலத்தில் படித்தாலும் சொந்த மாநிலத்தின் வழியாகவே போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது குறிப்பிடத்தக்கது.

அசல் சான்றிதழ்கள்

சேர்க்கையின்போது அசல் மதிப்பெண் பட்டியலைக் கல்லூரியிடம் ஒப்படைக்கச் சொல்வதும், இடையில் விலகினால் நான்கு ஆண்டுக் கட்டணத்தையும் கேட்பதும் பல ஊர்களில் எழும் புகார்கள். கல்வி நிறுவனங்கள் அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் அறிவித்துள்ளது.

படிப்புக்குப் பின்

பட்டம் பெற்றதும் கர்நாடக கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் பணியாற்ற விரும்புவோர், அங்கிருந்து தடையில்லாச் சான்று பெற்று, தமிழ்நாடு செவிலியர் மற்றும் பிரசவ உதவியாளர் கவுன்சிலில் மறுபதிவு செய்வது அவசியம். இதற்குச் சில மாதங்கள் ஒதுக்குவது நல்லது.

ஊதியத்தைப் பொறுத்தவரை, உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு 2016-இல் பரிந்துரை அளித்தது. 200-க்கும் மேற்பட்ட படுக்கைகள் உள்ள தனியார் மருத்துவமனைகளில் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியமும், 50-க்கும் குறைவான படுக்கைகள் உள்ளவற்றில் குறைந்தபட்சம் 20,000 ரூபாயும் வழங்க வேண்டும் என்பது அதன் சாரம். இதை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு மாநிலங்களிடம் விடப்பட்டதால், எல்லா இடங்களிலும் இந்த ஊதியம் கிடைப்பதில்லை. கடன் தவணையைத் தீர்மானிக்கும்போது, விளம்பரத்தில் காணும் வெளிநாட்டுச் சம்பளத்தை விடுத்து, கல்லூரியின் முந்தைய ஆண்டு மாணவியர் பெங்களூருவிலேயே பெறும் முதல் மாதச் சம்பளத்தை விசாரித்து, அதைக் கொண்டு கணக்கிடுவதே பொருத்தமானது.